இரண்டு நிமிட ஓய்வு

2014 மே 13, செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணி பத்து நிமிடம். வராந்தாவில் மாட்டியிருந்த வெப்பமானி நாற்பத்தொன்றரை டிகிரி காட்டியது. காற்று அடியோடு நின்றிருந்தது. கணியம்பாடிச் சாலையில் போகிற பஸ்ஸின் புழுதி கீழே இறங்க மனமில்லாமல் அந்தரத்திலேயே நின்றது. ஆராய்ச்சிக்குப் பழ ஈ வளர்க்கும் எங்கள் ஈ அறைக்குள் இரண்டு ஏசிகளில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆய்வுக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் இருந்திருக்கிறேன். போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கு வைத்திருக்கவில்லை, அது ஒன்றுக்குத்தான் வைக்கவில்லை. ஆனால் தவறான கையெழுத்து எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்.

ஈ அறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் என்னை எழுதச் சொன்னீர்கள். சோள மாவு, வெல்லம், ஈஸ்ட் எத்தனை கிராம் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவன் நான்தான். ஈச் சாப்பாடு கொதிக்கும்போது வெல்லமும் சோளமும் கலந்து வருமே ஒரு வாசனை, அதற்காகவே காலையில் அரை மணி முன்னால் வருவேன். இப்போது வீட்டில் எதைக் கொதிக்கவைத்தாலும் அது வருவதில்லை. மூன்று தடவை முயன்று பார்த்தேன். மூன்றாம் தடவை மனைவி பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

நான் சேர்ந்த வருடம் என்னை வேலைக்கு எடுத்த பெரியவர் முதல் நாள் ஒரே ஒரு வேலை கொடுத்தார். ஒரு குழாயில் எத்தனை ஈ என்று எண்ணச் சொன்னார். தொண்ணூற்றேழு என்றேன். மறுபடி எண்ணச் சொன்னார். தொண்ணூற்றெட்டு வந்தது. "எது சரி?" என்றார். தெரியவில்லை என்றேன். "தெரியலன்னு சொன்னியே, அதுக்குத்தான் வேலை," என்றார். அன்று பிடித்த பழக்கம். படிக்கட்டு, பஸ் ஜன்னல், சாம்பாரில் முருங்கைக்காய், எதையும் நான் எண்ணாமல் விட்டதில்லை. முப்பத்தைந்து வயதில் மங்கலான சிவப்பு விளக்கில் நூறு ஈயை இரண்டு நிமிடத்துக்குள் எண்ணிவிடுவேன். பக்கத்து அறையிலிருந்து வந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஈக்கு எப்படிப் பாடம் நடத்துகிறோம் என்று சொல்லியாக வேண்டும். உங்களில் இரண்டு பேர் வேறு துறையிலிருந்து வந்திருக்கிறீர்கள்.

ஒரு குழாயில் ஈக்களை விட்டு ஒரு வாசனையைக் காட்டுகிறோம். கூடவே லேசாக மின் அதிர்ச்சி கொடுக்கிறோம். பிறகு இன்னொரு வாசனை, அதிர்ச்சி இல்லாமல். மூன்றரை நிமிடத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். இப்படிப் பத்துப் பாடம். ஏழு நாள் கழித்து அதே ஈக்களை இரண்டு வாசனைக்கும் நடுவில் விட்டால், ஞாபகம் இருக்கிறவை அதிர்ச்சி வாசனையை விட்டு விலகிப் போகும்.

இதில் ஒரு விசித்திரம். பத்துப் பாடத்துக்கும் நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் ஈ ஒரு வாரம் நினைவு வைத்துக்கொள்கிறது. அதே பத்துப் பாடத்தை ஓய்வில்லாமல் அடுக்கினால் ஒரு வாரத்தில் அத்தனையும் போய்விடுகிறது. பாடம் ஒன்றுதான், அதிர்ச்சியும் ஒன்றுதான். காரணம் நரம்பணுவுக்குள் இருக்கிறது. பாடம் முடிந்த பிறகு, ஓய்வு நேரத்தில், உள்ளே ஒரு புரதம் இன்னொன்றைத் தட்டி எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, அலை மாதிரி ஒரு சமிக்ஞை எழுந்து அடங்குகிறது. இப்படி அலை மேல் அலையாகப் போய் நரம்பணுவின் கருவைத் தொட்டால்தான் புதுப் புரதங்கள் உண்டாகி நினைவு உறுதியாகிறது. அலை எழுவதற்குள் அடுத்த பாடத்தைத் தொடங்கினால் எல்லாம் கலைந்துவிடும். சுண்ணாம்பு அடிப்பவர் முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதை அடித்தால் இரண்டும் சேர்ந்து வழியுமே, அதுபோல.

ஷாஹீன் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். ஆம்பூரிலிருந்து வந்த பெண். அப்பா ஒரு ஷூ கம்பெனியில் மேஸ்திரி. அந்தச் சமிக்ஞைப் பாதையில் ஒரு புரதம் கூடுதலாக இருக்கும் ஈ வகை ஒன்றை அவள் வளர்த்தாள். அந்த ஈக்களுக்கு அலை சீக்கிரம் எழுந்து சீக்கிரம் அடங்குகிறது, அதனால் பாடங்களுக்கு நடுவில் இரண்டே நிமிட ஓய்வு போதும், ஒரு வாரம் மறக்காது என்பது அவள் கண்டுபிடிப்பு. அதே இரண்டு நிமிடம் கொடுத்தால் சாதாரண ஈ மறந்துவிடும். அந்த வித்தியாசம்தான் அவளுடைய ஆராய்ச்சிப் பட்டம். நான்கு வருட உழைப்பு. அவளுடைய ஈக்களுக்கு நாங்கள் 'ஆம்பூர் ஈ' என்று பேர் வைத்திருந்தோம்.

"சார், என் ஈய ஒண்ணும் சொல்லாதீங்க, எங்க ஊர்க்காரங்க மாதிரி, ஓய்வே கேக்காது," என்பாள்.

எங்கள் ஈ அறைக்கு ஒரு வழக்கம் உண்டு, இன்னும் இருக்கிறதா தெரியவில்லை. தோல் செருப்பு, பெல்ட், பை, பர்ஸ் எதுவும் உள்ளே வரக்கூடாது. வாசலில் ஒரு மர அலமாரி, பதினெட்டு கட்டம். ஈக்களுக்கு வாசனைதான் பாடம் என்பதால் வேறு வாசனை கலக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை அத்தர் கூடாது, தலைக்கு மல்லிகை கூடாது. தோல் தொழிலே பிழைப்பான இந்த வட்டாரத்தில் தோல் இல்லாமல் யார் வருவார்கள்? காலை ஒன்பது மணிக்கு அந்த அலமாரியைப் பார்த்தால் ஒரு சின்னக் கடை மாதிரி இருக்கும். ஷாஹீன் மட்டும் முதல் நாளிலிருந்து ரப்பர் செருப்பு, துணிப் பை. "வீடே தோல் சார். எதுக்கு வம்பு?" என்றாள்.

அந்த வருடம் ஏப்ரலில் தலைவர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர், கறாரான மனிதர், கெட்டவர் இல்லை. "அந்தப் பொண்ணு சொல்றது பெரிய விஷயம். வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் கையால திரும்பச் செஞ்சு பாக்கணும். உங்கள விட்டா யாரு?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. குழாய்களில் எது ஆம்பூர் ஈ, எது சாதாரண ஈ என்று எனக்குச் சொல்லவில்லை. சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி, அவ்வளவுதான். ஷாஹீன் எழுதிக் கொடுத்த முறைத்தாளில் 'ஓய்வு: 2 நிமிடம்' என்று இருந்தது. எட்டுத் தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டேன்.

முடிவு வந்தது. சிவப்பும் மறக்கவில்லை, நீலமும் மறக்கவில்லை. இரண்டு நிமிட ஓய்வில் சாதாரண ஈயும் ஒரு வாரம் நினைவு வைத்திருந்தது. அப்படியானால் ஆம்பூர் ஈயிடம் விசேஷம் எதுவும் இல்லை. நான்கு வருடத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

அன்றுதான் மே 13. மறுபரிசோதனை முடிவை எழுதிய தாளைத் தலைவர் என் பக்கம் தள்ளினார். ஷாஹீன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"எண்ணிக்கையில தப்பு இருக்க முடியுமா?" என்றார் என்னிடம்.

"இருக்க முடியாது சார்."

"அப்ப அவ பண்ணப்ப மட்டும் சாதாரண ஈ ஏன் மறந்துச்சு?"

அவரே சொன்னார். "வீட்டு வாசனையோட வந்திருப்பா. டேனரி வாசனை துணில ஏறிடும். ஈ குழம்பிருக்கும்."

ஷாஹீன் என்னைப் பார்த்துத் திரும்பினாள். "சார், நாலு வருஷமா பக்கத்துல நிக்கிறீங்க. என் மேல தோல் வாசனை அடிக்குதா?"

ஒரு நாளும் அடித்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "நமக்குத் தெரியாதும்மா. ஈக்குத் தெரியலாம்."

அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என்னிடம் கேட்டது எண்ணிக்கையைப் பற்றி. நான் சொன்ன பதில் உண்மை. எண்ணிக்கையில் ஒரு ஈ கூட விட்டுப்போகவில்லை. ஆனால் யாராவது உங்களிடம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததை மட்டும் கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் அவர்கள் கேட்காமல் விட்டது என்ன என்று யோசியுங்கள். எனக்கு அந்தப் புத்தி அப்போது இல்லை. வெயில் வேறு, ஒரு ஏசி வேறு.

ஜூன் 9, திங்கட்கிழமை, ஷாஹீன் சாவியையும் புத்தகங்களையும் திருப்பிக் கொடுக்க வந்தாள். அவளுடைய ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்வதா என்று முடிவு பண்ண அந்த வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. அவள் காத்திருக்கவில்லை. அப்பா சொல்லி ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும்.

"ஆம்பூர் வாசனை இன்னியோட போய்டும் சார். இனிமே ஈங்க குழம்பாது," என்றாள்.

நான் புத்தகங்களை எண்ணினேன். பதினொன்று. வேறு என்ன செய்ய?

"ஒரு உதவி சார். நீங்க எப்டி செய்றீங்கன்னு ஒரே ஒரு தடவ பாக்கணும். ஒண்ணும் பேச மாட்டேன். ஓரமா ஒக்காந்துக்கிறேன்."

எனக்குக் கோபம் வந்தது. என் கை சுத்தத்தைச் சந்தேகப்படுகிறாள் என்று நினைத்தேன். சரி, பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு குழாயை எடுத்தேன். அறையை இருட்டாக்கி சிவப்பு விளக்கைப் போட்டேன். முதல் பாடம், மூன்றரை நிமிடம். முடித்தேன். பிறகு வழக்கம்போல பூதக்கண்ணாடியை எடுத்துக் குழாயில் குனிந்தேன்.

பிறகு அவள் குரல், மெதுவாக: "சார், இன்னா பண்றீங்க?"

"பேச மாட்டேன்னியே. எண்றேன். எத்தன விழுந்து கெடக்குது, எத்தன நடக்குதுன்னு. ஒண்ணு கூட தப்பிப் போகக் கூடாதில்ல?"

"ஒவ்வொரு பாடத்துக்கு அப்புறமுமா?"

"பின்ன?"

நான் எண்ணி முடித்து, நேரத்தைக் குறித்து, அடுத்த பாடத்துக்குக் கையை நீட்டினேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். கையில் கைக்கடிகாரம். அந்த சிவப்பு வெளிச்சத்தில் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"சார், பன்னெண்டு நிமிஷம் ஆய்டுச்சு."

"இருக்காது. ரெண்டு நிமிஷந்தான் ஆகும் எனக்கு."

"பன்னெண்டு சார். நீங்க எண்றதுக்குள்ள ஈங்க வெளிய போய் டீ குடிச்சிட்டு, தோஸ்த்துங்க கூட அரட்ட அடிச்சிட்டு வந்துடும்."

விளக்கைப் போட்டோம். என் நோட்டைத் திறந்தோம். நான்தான் எதையும் எழுதாமல் விடுவதில்லையே. எட்டுத் தடவைக்கும், ஒவ்வொரு பாடமும் எந்த நிமிடம் தொடங்கியது, எந்த நிமிடம் முடிந்தது, என் கையெழுத்திலேயே இருந்தது. பத்துப் பாடத்துக்கு நடுவில் ஒன்பது இடைவெளி. முறைத்தாள்படி மொத்தம் பதினெட்டு நிமிடம் வர வேண்டும். முதல் நாளைக் கூட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு. அடுத்த நாளையும் கூட்டினேன். எட்டு நாளிலும் சேர்த்து எழுபத்திரண்டு இடைவெளி. மிகக் குறைந்தது ஒன்பது நிமிடம், மிக அதிகம் பதினேழு. இரண்டு நிமிடம் ஒன்றுகூட இல்லை. ஐம்பத்து மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய வேலைக்கு இரண்டரை மணி நேரம் எடுத்திருக்கிறேன். அந்த நாட்களில் தினமும் சாப்பாடு ஆறிப்போய்விடுகிறது என்று வீட்டில் சண்டை போட்டேனே தவிர, ஏன் ஆறுகிறது என்று யோசிக்கவில்லை.

சாதாரண ஈக்கு வேண்டிய ஓய்வை நான்தான் கொடுத்திருக்கிறேன். பாடத்துக்குப் பாடம், அந்த அலை எழுந்து அடங்குகிற வரைக்கும், பக்கத்தில் குனிந்து எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறேன். மறக்க வேண்டிய ஈயை மறக்கவிடாமல் செய்தது நான்.

எனக்கு அறுபது ஆகியிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. நூறு ஈ எண்ண இரண்டு நிமிடம் என்று மனதில் இருந்த கணக்கு முப்பத்தைந்து வயதுக்காரனுடையது. அதை நான் ஒரு தடவையும் திரும்பச் சரிபார்க்கவில்லை.

"இப்ப இன்னா பண்றது?" என்றேன். அவளிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"திரும்பச் செய்யணும். பாடத்துக்கு ஒரு நாள், அப்புறம் ஏழு நாள். கமிட்டி நாலு நாள்ல." அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் போய்ச் சொன்னா சாக்கு சொல்றான்னு சொல்லுவாங்க சார். நீங்க சொன்னா கணக்கு. உங்க இஷ்டம்."

செவ்வாய்க்கிழமை நான் சொல்லவில்லை. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. ஜூன் 30 எனக்கு ஓய்வு. அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்வதாகத் தலைவர் சொல்லியிருந்தார். மறுபரிசோதனைகளுக்கு நம்பகமான ஒரு கை வேண்டும் என்று குறிப்பு எழுதியிருந்தார். 16ஆம் தேதி கையெழுத்தாக வேண்டியது. கமிட்டி 13. ஒரு வாரம் கழித்துச் சொன்னால் எனக்கு இரண்டு வருடம் உண்டு, அவளுக்கு ஒன்றுமில்லை. பேசாமல் எட்டு நாளில் பரிசோதனையைத் திரும்பச் செய்து, நிரூபணத்தோடு சொல்கிறேனே, அதுதானே விஞ்ஞானம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நல்ல நியாயம்தான். அதற்குள் அவள் ஆம்பூரில் ஷூ மேல்பாகத்தில் தையல் எண்ணிக்கொண்டிருப்பாள் என்பது மட்டும்தான் அதில் குறை.

அன்று முழுக்கப் பேஜார். இரண்டு தடவை தலைவர் அறை வரைக்கும் போய்த் திரும்பினேன். போக இருபத்தாறு அடி, வர இருபத்தாறு அடி. சாயங்காலம் செருப்பை எடுக்க வாசல் அலமாரிக்கு வந்தேன். அவளுடைய கட்டம் காலியாக இருந்தது. நான்கு வருடத்தில் அவள் அதில் ரப்பர் செருப்பைத் தவிர எதையும் வைத்ததில்லை. அதைத் தினமும் பார்த்தவன் நான். பார்த்துக்கொண்டே, ஈக்குத் தெரியலாம் என்று சொன்னவனும் நான்.

புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு நோட்டை எடுத்துக்கொண்டு தலைவர் முன்னால் போய் நின்றேன். அவர் எட்டுப் பக்கத்தையும் புரட்டினார். நான் அடியில் பென்சிலால் கூட்டியிருந்தேன்.

"எண்ணிக்கையில தப்பில்லன்னு சொன்னீங்க."

"எண்ணிக்க சரி சார். எண்ணுன நேரம் ஜாஸ்தி."

"நாளைக்கு வெளியாளு யாராவது கேட்டா, எங்க மூத்த ஆளுக்கு ரெண்டு நிமிஷத்துக்கும் பன்னெண்டு நிமிஷத்துக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு சொல்லணும் நான். புரியுதா?"

"புரியுது சார்."

"இத எழுத்துல குடுக்கணும். குடுத்தா திரும்ப வாங்க முடியாது."

"எழுதிட்டேன் சார்," என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். கடைசி வரியில், ஷாஹீன் மேல் ஒரு நாளும் தோல் வாசனை வந்ததில்லை, அன்று நான் சொன்னது தவறு என்று எழுதியிருந்தேன். தலைவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, "நானுந்தான் சொன்னேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் என்னை உட்காரச் சொல்லவில்லை. பத்து நிமிடம் நின்றேன். ஒருவர் கேட்டார், "உங்க நோட்ட நீங்களே படிக்கலையா?" "எழுதுவேன், படிச்சதில்ல," என்றேன். நான்கு பேரில் ஒருவர் சிரித்தார். அவளுக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்கள். வேறு ஊரிலிருந்து ஒருவர் வந்து, நடுவில் எதையும் எண்ணாமல், மணி அடித்ததும் அடுத்த பாடம் என்று செய்து பார்த்தார். ஏழாம் நாள் சாதாரண ஈ மறந்துபோனது. ஆம்பூர் ஈ மறக்கவில்லை.

நான் அப்போது வீட்டில் இருந்தேன். ஷாஹீன்தான் போன் பண்ணினாள். பின்னால் அவள் வீட்டில் உருதுவில் ஏதோ சத்தம், பாத்திரம் உருளும் சத்தம். "சார், மறந்துடுச்சு சார்! எல்லாம் மறந்துடுச்சு!" என்று கத்தினாள். மறதிக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. "எத்தன ஈ?" என்று கேட்டேன். "ஐயோ சார், உங்கள!" என்று போனை வைத்துவிட்டாள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நேரத்தை எழுதுங்கள். எழுதியதைக் கூட்டிப் பாருங்கள். உங்களுக்கு எந்த வேலையில் பெயர் இருக்கிறதோ, அந்த வேலையை வருடத்துக்கு ஒரு தடவை கடிகாரம் வைத்துச் செய்து பாருங்கள், பக்கத்தில் ஒருத்தரை உட்கார வைத்து. அவர் உங்கள்மேல் கோபமாக இருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. நிரூபணம் கைக்கு வர எட்டு நாள் ஆகும், ஒருத்தருக்கு நான்கு நாள்தான் இருக்கிறது என்றால், கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஜூன் 30 சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், மைசூர்பாகு கொடுத்தார்கள். ஒப்பந்தக் காகிதம் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. தலைவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். பணம் பெரிதில்லை என்றும் சொல்ல மாட்டேன். அந்த வருடம் கண் ஆபரேஷன் இரண்டையும் கடன் வாங்கித்தான் செய்துகொண்டேன். வராமல் போன ஒப்பந்தச் சம்பளம் மாதம் பதினெட்டாயிரத்து ஐந்நூறு, இருபத்து நான்கு மாதம். நான்கு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் ரூபாய்.